வௌவால் கொந்திய பழம்

கையுறை போட்டுக்கொண்டு பெற்ற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சூடு தெரியாது. சுத்தமாகத் தெரியாது என்றும் சொல்ல முடியாது, அடுத்த தெரு விசேஷத்தை யாரோ வந்து சொல்லக் கேட்டது மாதிரி தெரியும். காய்ச்சல் அடிக்குது என்று ரப்பர் சொல்கிறது, கை ஒன்றும் சொல்லவில்லை. இன்று விடியுமுன்னே இருட்டோடு கிளம்பும்போது நான் அப்படித்தான் தொட்டேன். ரித்திகா பாயில் சுருண்டு கிடந்தாள், ராத்திரி முழுக்க அனத்தியவள் அப்போதுதான் கொஞ்சம் கண்ணசந்திருந்தாள், தோப்புக்கு நேரமாகிவிட்டதே என்று வேலைக்குக் கொண்டுபோகும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளிடம் குனிந்தேன், அந்த நேரம் பார்த்து மைனி அடுப்படியிலிருந்து அதைச் சொன்னாள். மைனி என்றால் எங்கள் வீட்டுக்காரரின் அக்கா, சந்தனமாரி. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் எங்களோடு வந்து இருக்கிறாள். அவர் திருப்பூரில் சாயப்பட்டறையில் கிடக்கிறார், வீட்டில் நானும் மைனியும் பிள்ளையும்தான். "எதுக்குட்டி மூஞ்சியத் தொங்கப் போடுத? இது சும்மா காய்ச்சல் இல்ல. சாஸ்தா எச்சி உள்ள போயிருக்குல்லா, உடம்பு காயத்தான் செய்யும். நாக்கு புரளப் போவுது பாரு" என்றாள். என்ன எச்சி மைனி, எப்பக் குடுத்திய என்றேன். "போன செவ்வாக்கெழம. தோப்புல கெடந்துச்சு, நல்ல கொய்யா, அரைவாசி கொந்திப் போட்டிருந்துச்சு. கொந்துன பக்கத்த நாக்குல தடவுனேன், மிச்சத்த தா தான்னு வாங்கித் தின்னுட்டா எங் கழுத" என்று சிரித்தாள். அவள் சிரிப்பு முடிவதற்குள் என் கை தானாகப் பைக்குள் போய்க் கையுறையை எடுத்தது. மாட்டிக்கொண்டேன். இரண்டு கையிலும், சுருக்கமில்லாமல், விரல் விரலாக இழுத்துவிட்டு, வேலையில் பழகின மாதிரியே. அதற்கப்புறம்தான் பிள்ளையைத் தொட்டேன். மைனி அதைப் பார்த்தாள். கஞ்சியைக் கிண்டப் போய்விட்டாள்.

இப்போது இலுப்பைத் தோப்பில் உட்கார்ந்திருக்கிறேன். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, மூஞ்சிக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. மரத்தடியில் தார்ப்பாயை விரித்தாகிவிட்டது, மூலைகளில் கல் வைத்தாகிவிட்டது. இனி வௌவால்கள் மேய்ச்சலுக்குப் போன இடத்திலிருந்து திரும்பி வந்து, கிளைக்குக் கிளை சண்டை போட்டு இடம் பிடித்து, தலைகீழாகத் தொங்கி, ஓய்ந்து, மூத்திரம் பெய்ய வேண்டும். அது தார்ப்பாயில் சொட்டுச் சொட்டாக விழும். வெளிச்சம் வந்ததும் டாக்டர் மேடம் சின்னக் குழாயால் உறிஞ்சி கெடாமல் வைக்கிற ரோஸ் கலர்த் தண்ணீர் உள்ள குப்பிகளில் விடுவார், நான் மூடி போட்டு ஐஸ் பெட்டியில் அடுக்குவேன். வேலை அவ்வளவுதான். இதற்குச் சம்பளம் வேறயா என்று ஊரில் கேட்காதவர் கிடையாது. பத்தாவது படிச்ச சிரிப்பாணிக்காரி மாரிச்செல்விக்கு கவர்மெண்டு உத்தியோகம் கெடைச்சிருக்கு, வௌவால் மூத்திரம் பிடிக்கிற உத்தியோகம் என்று பஸ் நிறுத்தத்தில் பேச்சு, நானும் நின்று கேட்டுச் சேர்ந்து சிரித்தேன். எனக்கு அது வந்துவிடும், சிரிப்பு. இன்றைக்குக்கூட வந்தால் நன்றாக இருக்கும். முதல் நாள் வேலைக்கு வந்தபோது நேராக என் தலைமேலேயே ஒரு சொட்டு விழுந்தது. ஜெனிட்டா மேடம், நாகர்கோவில்காரர், மாட்டு டாக்டருக்குப் படித்துவிட்டு மாட்டைப் பார்க்காமல் வௌவாலைப் பார்க்க வந்தவர், "அசையாத மக்ளே, இன்னைக்கு முதல் சாம்பிள் உன் தலையிலதான் கெடச்சிருக்கு, எடுத்துக்கிடுதேன்" என்றார். அன்றைக்குத்தான் நான் கேட்டேன், இத்தனை வௌவால்ல இத்தனை வைரஸ் இருக்குன்னு சொல்லுதீங்களே, எது ஆளைக் கொல்லும், எது சும்மா கெடக்கும்னு எப்படி மேடம் தெரியும்? மேடம் ஒரு குச்சியை ஒடித்து மண்ணில் கோடு போட்டார், ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று. "ஒவ்வொண்ணும் மூணு வாசல் தாண்டணும், கேட்டியா. முதல்ல வௌவால்ட்ட இருந்து நம்ம வாய்க்கோ மூக்குக்கோ வரணும். வந்தது உடம்புக்குள்ள நுழையணும், அதுக்கு அதுகிட்ட சாவி இருக்கணும். முக்காவாசி அங்கயே திரும்பிப் போயிரும், பூட்டு வேற சாவி வேற. அப்புறம் ஒரு ஆள்ட்ட இருந்து இன்னொரு ஆளுக்குப் போகணும். மூணையும் தாண்டுனதுதான் ஊரைப் பிடிக்கும்." எது தாண்டும்னு முன்னாலயே தெரியுமா? "தெரியாது மக்ளே. மதிப்புப் போடுதோம். அதோட சொந்தக்காரங்க இதுக்கு முன்னால என்ன செஞ்சிருக்காங்க, எந்தெந்த மிருகத்துல ஒட்டியிருக்கு, ஆளுங்க அதுங்ககிட்ட எப்படிப் புழங்குதாங்க, எல்லாத்தையும் பாத்து இதோட ஆபத்துக்கு இத்தனை மார்க்குன்னு போடுதோம். மழை வரும்னு ரேடியோவுல சொல்லுதான்லா, அந்த மாதிரி. சில நாள் வராது. சில நாள் சொல்லாமலே வந்துரும்." பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னால விசாரிக்கிற மாதிரியா மேடம், குடும்பம் எப்படி, பழக்கவழக்கம் எப்படின்னு? மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இனிமே மீட்டிங்ல இப்படித்தான் சொல்லப்போறேன்." அந்தக் கோடுகள் அன்றைக்கே அழிந்துவிட்டன. ஆனால் இப்போது தார்ப்பாயின் ஓரத்தில் எனக்கு அவை தெரிகின்றன, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று.

முதல் வாசல் போன செவ்வாய்க்கிழமை திறந்தாயிற்று. மைனி திறந்தாள். திறந்தாள் என்று சொல்வது பாவம், அவள் பிள்ளைக்கு நாக்கு புரள வேண்டும் என்று செய்தாள். எங்கள் ஊரில் பேச்சு வராத பிள்ளைக்கு இதுதான் வைத்தியம். ராத்திரி பூரா வாய் மூடாத ஜீவன் எது, வௌவால். அது தங்குகிற தோப்பு யாருடையது, சாஸ்தாவுடையது. அப்படியென்றால் வௌவால் கொந்திப் போட்ட பழம் சாஸ்தா எச்சில், அது நாக்கில் பட்டால் ஊமையும் கத்தும். கேட்டால் வரிசையாகக் கணக்காகத்தான் இருக்கிறது, மேடத்தின் மூன்று வாசல் மாதிரியே. இந்த வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு நாங்கள் வெடி போடுவதில்லை, கல்யாணத்துக்குக் கொட்டடித்தால்கூட தோப்புப் பக்கம் வரும்போது நிறுத்திவிடுவார்கள். இலுப்பைப் பழத்தைத் தின்று அது துப்புகிற கொட்டையைப் பொறுக்கித்தான் கோயிலுக்கு எண்ணெய். இவ்வளவு புழக்கம். ஆனால் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு மேடம் கேட்டார்களே, வௌவால் கடிச்ச பழத்தை இங்க யாராவது தின்கிறது உண்டா என்று, பஞ்சாயத்துத் தலைவர் எழுந்து "எங்க ஊர்ல எவன் திங்கான், ஆடு மாடுதான் திங்கும்" என்றார். பொம்பளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். முன்வரிசையில் மைனி ரித்திகாவை மடியில் வைத்துக்கொண்டு, அவள் சடையைப் பின்னிக்கொண்டிருந்தாள். திங்கறதில்ல என்று எங்கள் ஊர்ப் பதில் சென்னைக்குப் போனது. அதற்கும் மார்க்கு உண்டுதானே, ஆளுங்க எப்படிப் புழங்குதாங்க என்பதற்கு. குறைச்சலாகத்தான் போட்டிருப்பார்கள். நல்ல ஊர் என்று போட்டிருப்பார்கள். ரித்திகாவுக்கு மூன்றரை வயது, இரண்டே சொல்தான் தெரியும், ம்மா, தா. தா என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டே சோறு, பொம்மை, வானத்து நிலா எல்லாவற்றையும் வாங்கிவிடுவாள். அங்கன்வாடி டீச்சர் பெரிய ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார்கள், காட்ட வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டே இருந்தேன். மைனிக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளை முதலில் ம்மா என்று கூப்பிட்டது மைனியைப் பார்த்துத்தான். அப்போது நான் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் அழுதேன், காலையில் மறுபடியும் சிரித்தேன். எதற்கு இதை நினைக்கிறேன். செவ்வாய், புதன், வியாழன் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தேன், கையுறைக்குள் விரல் மடங்குவதே தெரியவில்லை, எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் மறுபடி செவ்வாயிலிருந்து.

பயம் வரும் என்று காத்திருக்கிறேன், வௌவாலுக்குக் காத்திருக்கிற மாதிரி. வரவில்லை. கொசு ஒன்று கண்ணாடிமேல் உட்கார்ந்து நடக்கிறது, அதைத்தான் பார்க்கிறேன். அந்த வைரஸ் உள்ளே போனால் நாலு நாளிலிருந்து ரெண்டு வாரத்துக்குள் காய்ச்சல் காட்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறார்கள், நிபா வைரஸைப் பற்றி, கேரளாவில் வந்ததைப் பற்றிச் சொல்லும்போது. போன செவ்வாய் அதற்குள் சரியாக அடங்குகிறது. ஆனால் அங்கன்வாடியில் எல்லாப் பிள்ளைக்கும்தான் சளி. டீச்சர் பையனுக்குக்கூடக் காய்ச்சல், அவன் என்ன கொய்யாவா தின்றான்? மழை பெய்து தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. கொசு. இதோ, கண்ணாடிமேல் நடக்கிற இந்தக் கொசுவாகவே இருக்கலாம். பூட்டு வேற சாவி வேற. முக்காவாசி திரும்பிப் போயிரும். இந்தத் தோப்பு வௌவாலிடம் அது இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தானே தார்ப்பாய். அப்படியென்றால் பிள்ளைக்கு வைரஸ் வந்திருக்கும் என்பதற்கு என்ன மார்க்கு போடலாம்? குறைச்சல்தான். ரொம்பக் குறைச்சல். வேறு ஒருவர் பிள்ளை என்றால் நான் அப்படித்தான் போடுவேன், போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன். இல்லை, நேற்று ராத்திரி அவள் வாந்தி எடுத்தாள். முந்தானையால் துடைத்தேன். அவள் கடித்து வைத்த தோசையை நான்தான் தின்றேன், வீணாகப் போகிறதே என்று. மூணாவது வாசல்ல யார் நிப்பாங்க மேடம் என்று நான் அன்றைக்குக் கேட்டதும் மேடம் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. "பாத்துக்கிட்டவங்கதான் மக்ளே. வாந்தியத் தொடச்சவங்க, பக்கத்துல படுத்தவங்க. பகையாளி வீட்டுக்கு அது போறதே இல்ல." பகையாளி வீட்டுக்குப் போகாது. அப்படியானால் அங்கே நிற்பது நான், எனக்குப் பக்கத்தில் மைனி. காலையில் என் கை பைக்குள் போனதே, அது அந்த வாசலைச் சாத்தத்தான் போனதா? எனக்குத் தெரியாமலே என் கைக்குத் தெரிந்திருக்கிறது. கையுறை போட்ட கையை ரித்திகா தூக்கத்தில் பிடித்தாள். பிடித்து, கன்னத்தில் வைத்து, வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். அவளுக்குச் சொல் இல்லை, தள்ளத் தெரியும்.

சொல்ல வேண்டும். மேடம் பக்கத்தில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கையெட்டும் தூரம், ஒரு வாக்கியம்தான். மேடம், எம் பிள்ளைக்குக் காய்ச்சல், அவ கொந்துன பழம் தின்னிருக்கா. அவ்வளவுதான். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும், அதுதான் வாயைக் கட்டுகிறது. தோப்பை வெட்டுவார்கள். வெட்டாவிட்டால் வெடி போட்டு விரட்டுவார்கள், விரட்டினால் பயத்தில் அது இன்னும் அதிகமாகச் சிந்தும் என்று மேடம் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். சந்தனமாரி வௌவால் எச்சியக் குடுத்து ஊரையே கெடுத்துட்டா என்பார்கள், பொறந்த வீட்டையும் தின்னுட்டா என்பார்கள். இதெல்லாம் கூடப் போகட்டும். வண்டி வரும். இதே மாதிரி வெள்ளை உடுப்பு போட்டு நாலு பேர் இறங்குவார்கள். எங்கள் அப்பாவைக் கொண்டுபோனார்களே கொரோனாவில், அப்போதும் இதே உடுப்புத்தான், முழங்கையில் இதே மடிப்பு, ஜிப்புக்கு மேல் இதே ஒட்டுப்பட்டை. அப்பா தானாகத்தான் வண்டியில் ஏறினார், சட்டைப்பையில் சீப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு ஏறினார். பெரியாஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா போனில் அப்பா முகத்தைக் காட்டினார்கள், பாவம் அந்த அம்மா, நல்லவர்கள், எத்தனை பேருக்குக் காட்டினார்களோ. நான் அப்பா அப்பா என்றேன், அவர் கையைத் தூக்கினார், டாட்டா காட்டுகிறாரா தண்ணீர் கேட்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. படம் நின்றுவிட்டது. அப்புறம் பிளாஸ்டிக்கில் சுற்றி வந்தார். பிளாஸ்டிக்மேல் பூப் போட்டோம். பூ வழுக்கி வழுக்கி விழுந்தது, அதை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். அப்பா சூடாக இருந்தாரா குளிர்ந்திருந்தாரா எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே அப்புறம் எப்போதாவது சோறு பிசையும்போது வந்து கையில் நிற்கும். அப்பாவுக்காவது பேசத் தெரியும். நர்சம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளத் தெரியும். ரித்திகா ஒரு கதவுக்கு உள்ளே கிடந்து ம்மா என்பாள், தா என்பாள். எதைத் தா என்கிறாள் என்று யாருக்குத் தெரியும். தண்ணீர்த் தா வேறு, தூக்கிக்கொள் தா வேறு, எனக்கும் மைனிக்கும்தான் தெரியும். ஆகவே சொல்லவேண்டாம். சாயங்காலம் வரை பார்க்கலாம், காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால்? இறங்காவிட்டால் மைனி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக அழுகை அமர்த்திக்கொண்டு திரிவாள், அவளைக் கண்டவர்களெல்லாம் என்னட்டி பிள்ளைக்கு என்று கன்னத்தைத் தொடுவார்கள். எங்கள் ஊரில் காய்ச்சல் பிள்ளையைத் தொடாமல் யாரும் போகமாட்டார்கள். நல்ல ஊர்.

வெளுத்துவிட்டது. வௌவால்கள் வந்து தொங்கியாகிவிட்டது, சண்டை ஓய்ந்து இப்போது குழந்தைகள் மாதிரி முனகுகின்றன. தார்ப்பாயில் டப் டப் என்று விழ ஆரம்பிக்கிறது. மேடம் எழுந்து முட்டி போட்டு முதல் சொட்டை உறிஞ்சினார், நான் குப்பியை நீட்டினேன், மூடினேன், பெட்டியில் வைத்தேன். அடுத்தது. மூடினேன், வைத்தேன். கை வேலை செய்கிறது. "என்ன மக்ளே, இன்னைக்கு ஒரு பகடியும் இல்ல? வீட்டுக்காரர் போன் பண்ணலியா?" என்றார் மேடம். நான் ம் என்றேன். அப்போது மேலே இரண்டு வௌவால் அடித்துக்கொண்டு, கிளைக்குள்ளிருந்து என்னவோ தடதடவென்று வந்து தார்ப்பாயின் நடுவில் விழுந்தது. கொய்யாப்பழம். பாதி இல்லை. உள்சதை சிவப்பு. மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது, கண்ணாடிக்குள்ளே தெரிகிறது. இடுக்கியால் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாரு, பல்லு பதிஞ்ச இடம், எச்சில் இன்னும் காயல. இந்த மாதிரி ஒண்ணு கெடக்க எத்தனை நாள் தவம் கெடக்கணும் தெரியுமா." பஞ்சுக் குச்சியால் அந்தப் பல்தடத்தை மெதுவாக, பிள்ளைக்கு மூக்குத் துடைப்பது மாதிரி மெதுவாகத் துடைத்து எடுத்தார். "நல்லவேள, உங்க ஊர்ல இத யாரும் திங்கதில்ல." குப்பியை நீட்டி நான் அப்படியே நின்றேன். மேடம் குச்சியை உள்ளே விட்டார், ஒடித்தார், மூடு என்று தலையாட்டினார். எனக்கு மூட வரவில்லை. மூடி விரலில்தான் இருக்கிறது, குப்பி கையில்தான் இருக்கிறது, இரண்டும் சேரவில்லை. எம் பிள்ள தின்னிருக்கா மேடம் என்று யாரோ சொன்னார்கள். மூஞ்சி மூடிக்குள்ளே மூச்சு சுட்டதால் அது நான்தான் என்று தெரிந்தது.

மேடம் குப்பியை என் கையிலிருந்து வாங்கித் தானே மூடினார். பெட்டியில் வைத்துவிட்டுத்தான் பேசினார். எப்ப? போன செவ்வா. காய்ச்சல் எப்ப இருந்து? நேத்துச் சாயங்காலம். வாந்தி? ஒரு தடவ. இருமல்? லேசா. கூப்பிட்டா கண்ணு முழிக்காளா, இல்ல மயங்கி மயங்கிப் போறாளா? முழிக்கா மேடம், தூங்குதா, முழிக்கா. "யாரு குடுத்தா?" நான் மேலே பார்த்தேன். மைனி ஒருத்தி மட்டும் இல்லை மேடம், எங்க ஊர்ல எல்லாரும் குடுப்பாங்க, பேச்சு வரணும்னு குடுப்பாங்க, கூட்டத்துல நாங்க யாரும் சொல்லலை, அவ மேல மட்டும் பழி போட்டுராதீங்க என்று நான் சொன்னேன், வெங்காயம் என்ன விலை என்று சொல்வது மாதிரி வந்தது குரல். மேடம் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். "இந்தா, என்னயப் பாரு. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு இது மழக் காய்ச்சல்தான். என் பிள்ளைன்னாலும் நான் இதத்தான் சொல்லுவேன்." மிச்சம் மேடம்? தார்ப்பாயில் டப் டப் என்று விழுந்துகொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மேடம் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, போனை எடுத்தார். ஆஸ்பத்திரி வண்டி வரும் மக்ளே, ரெத்தமும் தொண்டையும் எடுப்பாங்க, முடிவு வர வரைக்கும் தனி ரூம்ல வைப்பாங்க, சின்னப் பிள்ளைன்னாலும் தனியாத்தான், உள்ள யாரையும் விடுறது கஷ்டம், நீயும் உங்க மைனியும் வீட்லயே வெளிய வராம இருக்கணும் என்று எண்ணைத் தேடிக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். அப்பா கையைத் தூக்கினார். தண்ணீரா, டாட்டாவா. தோப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டு ஓடு தெரிகிறது, புகை எழும்புகிறது, மைனி வெந்நீர் போடுகிறாள். பாயில் அவள் முழித்திருப்பாள், தா என்று சொல்லியிருப்பாள். என்ன தா அது? எனக்கு இங்கிருந்து கேட்கவில்லை. அப்போதுதான், அவ்வளவு நேரம் காத்திருந்ததற்கு அப்போதுதான், பயம் வந்தது, நான் தார்ப்பாய் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேடம் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. நான் அவர் உடுப்பின் ஓரத்தைப் பிடித்தேன், கையுறை போட்ட கையாலேயே.

"மேடம், வாந்தியத் தொடச்சது நான்தான், எச்சித் தோசையத் தின்னதும் நான்தான், மூணாவது வாசலுக்குள்ள நான் எப்பமோ வந்தாச்சு. இனி என்னய வெளிய நிறுத்தி என்ன செய்ய? அவள எங்க கொண்டு வச்சாலும், என்னையும் உள்ள விட்டுட்டுக் கதவச் சாத்தச் சொல்லுங்க மேடம்."